அளவெடுத்துச் செய்த வண்டி

என் மனைவிக்கு அரைப்படி என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். பள்ளிக்கூடத்தில் உயர வரிசைப்படி நிற்கச் சொன்னால் அவள்தான் முதல் ஆள். வளர்ந்து, கல்யாணமாகி, என் வீட்டுக்கு வந்த பிறகும் எந்த வரிசையிலும் முதல் ஆள்தான். எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டு முழுக்க என் பொறுப்பு. அதற்கு மேல் அந்த வீட்டில் எனக்குப் பெரிய பொறுப்பு எதுவும் கிடையாது.

நான் தையல்காரன். பேன்ட் மட்டும் தைப்பேன். அவள் கிரில் பட்டறையில் வெல்டர். கதவு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று ஊரில் பாதி இரும்பு அவள் கைபட்டதுதான். மற்றவர்கள் தரையில் நின்று செய்கிற வேலையை அவள் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று செய்வாள். மற்றபடி வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பட்டறை முதலாளியே கஷ்டமான மூலைகளை அவளிடம்தான் தள்ளிவிடுவார்.

எங்கள் வீட்டுக்கும் அந்தப் பட்டறைக்கும் நடுவில் ஒரு கைவிடப்பட்ட கல்குவாரி. ரோடு அதை விட்டு விலகி, ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். குவாரிக்குள் இறங்கி ஏறினால் பட்டறையின் பின்வாசல் வந்துவிடும். ஆனால் பாதை என்று சொல்ல முடியாது. கல்லும் சரளையும், மழை பெய்தால் முழங்கால் வரை சேறும். அதில்தான் அவள் தினமும் நடந்து போய் நடந்து வந்தாள். ஒரு மழைக்காலத்தில் கணுக்கால் பிசகி வீங்கி, பூசணிக்காய் மாதிரி ஆன பிறகுதான் வண்டி வாங்கலாம் என்று முடிவு செய்தோம்.

ஷோரூமில் இருந்த பையன் மரியாதையாகத்தான் நடந்துகொண்டான். ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி, ஏறி உட்காரச் சொன்னான். எதில் உட்கார்ந்தாலும் அவளுடைய கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொட்டது. ஒரு வண்டி அவளையும் சேர்த்துக்கொண்டு சாயப் போய், நான் ஓடிப் பிடித்தேன்.

"இதவிடக் கொஞ்சம் சின்னதா இல்லையா தம்பி?" என்று கேட்டாள்.

"இதவிடச் சின்னதுன்னா, சாவி முடுக்கி விட்டா ஓடுமே, அதுதான் மேடம் இருக்கு" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் போல மாற்றிக்கொண்டேன். அவள் வண்டியிலிருந்து குதித்து இறங்கி, துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு வெளியே நடந்தாள். பாதி வழியில் நின்று திரும்பினாள். பிறகு கேட்டாள்.

"ஏங்க, ஒருத்தருக்குப் பேன்ட் நீளமா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"வெட்டித் தைப்பேன்."

"எத வெட்டுவீங்க? காலையா?"

"பேன்ட்டைத்தான்மா."

"அப்ப வண்டிய மட்டும் ஏன் யாரும் வெட்ட மாட்டேங்கிறாங்க?"

அன்று மாலையே என் கையில் அளவு நாடாவைக் கொடுத்து, கவிழ்த்த பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு அளவெடுத்திருக்கிறேன். வண்டிக்காக ஓர் ஆளை அளவெடுத்தது அன்றுதான். உள்கால் நீளம், முழங்கால் மடங்கும் இடம், கை நீட்டினால் எட்டும் தூரம் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல அவள் சாக்கட்டியால் தரையில் கோடு போட்டாள். கூடத்துத் தரையில் ஒரு வண்டி படுத்துக்கிடப்பது போல ஒரு படம் வந்தது. அதன் மேல் போய்ப் படுத்துப் பார்த்து, "ஹேண்டில் இன்னும் கொஞ்சம் கிட்ட வரணும்" என்றாள். நான் கோட்டை அழித்துக் கிட்டப் போட்டேன். ரொம்ப நாள் நாங்கள் அந்தப் படத்தை மிதிக்காமல் சுற்றித்தான் நடந்தோம்.

பழைய இரும்புக் கடையை நடத்துகிற அம்மா எங்களுக்குத் தெரிந்தவர். ஏதோ காரிலிருந்து கழற்றிய சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பார். "எத வேணா எடு, தூக்கிப் போட்டத அந்தந்த எடத்துல திருப்பி வச்சிட்டுப் போ" என்று எங்களை உள்ளே விட்டார். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஒரு பெட்ரோல் எஞ்சின் கிடைத்தது. பம்பு உடைந்துபோய், எஞ்சின் மட்டும் அனாதையாகக் கிடந்தது. மூடிப்போன ஒரு விளையாட்டுப் பூங்காவின் குட்டி ரேஸ் காரிலிருந்து கிளட்ச்சும் செயினும். அந்தக் கிளட்ச்சுக்குத் தனியாகப் பிடி கிடையாது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் தானே பிடிக்கும், விட்டால் தானே விட்டுவிடும். ஸ்கூட்டர் ஒன்றின் இரண்டு சக்கரங்கள், மொபெட் ஒன்றின் முன் ஃபோர்க், உடற்பயிற்சி சைக்கிளின் ஹேண்டில். டயரும் பிரேக் ஒயரும் மட்டும் புதிதாக வாங்கினாள். "உயிர் விஷயத்துல பழசு வேணாம்" என்றாள்.

உடம்புக் கூட்டுக்குக் குழாய் தேடும்போது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பழைய கட்டில்களைக் காட்டியவன் நான். பளபளவென்று இருந்தன. தூக்கினால் லேசாக இருந்தன. அவள் நகத்தால் தட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "மெலிசா இருக்குங்க" என்றாள். நான்தான் துணி விற்கிறவன் மாதிரி அதன் பெருமையை அளந்து, தலையில் கட்டினேன்.

பட்டறை மூடிய பிறகு கொஞ்ச நேரம் முதலாளி மெஷினைக் கொடுத்தார். கட்டில் வண்டியாக மாறியது. ஒரு விடுமுறை நாளில் குவாரிக்குள் இறக்கினோம். கயிற்றை இழுத்தாள்; எஞ்சின் இரண்டு தும்மல் போட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டது. சமதரையில் இரண்டு சுற்று வந்தாள். மூன்றாவது சுற்றில் ஒரு சின்ன மேடு. ஏறி இறங்கியதும் வண்டி நடுவில் மடிந்து, முன்னாலும் பின்னாலும் தூக்கிக்கொண்டு, எங்களுக்குக் கும்பிடு போட்டது. அவள் மணலில் போய் விழுந்தாள்.

நான் பதறிக்கொண்டு ஓடினால், அவள் முழங்கையில் ரத்தத்தோடு வண்டிக்குப் பக்கத்தில் தவழ்ந்து, ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெல்டு ஒண்ணுகூட விடலங்க. குழாய்தான் மடங்கியிருக்கு" என்றாள். அடிபட்ட வலியிலும் அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், மெக்கானிக்குகள் தெருவில் பெரிய புள்ளி. எஞ்சின் டாக்டர் என்றுதான் சொல்வார்கள். வண்டியின் வயிற்றில் காதை வைத்தே வியாதியைச் சொல்லிவிடுவார். சின்ன வயதில் அவர் எஞ்சினைப் பிரித்தால் இவள் பக்கத்தில் போய் உட்காருவாளாம். "நட்டு காணாமப் போயிடும், தள்ளிப் போ அரைப்படி" என்று விரட்டுவாராம். அண்ணனுடைய பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுத்தான் அவள் ஓட்டவே கற்றுக்கொண்டாள். அதுவும் அவர் தூங்குகிற நேரத்தில். அந்த மச்சான் டீக்கடையில் என்னைப் பார்த்ததும் கிளாஸை உயர்த்தினார்.

"என்ன மாப்ள, கட்டில்ல ஏறினா படுத்துத்தானே ஆகணும்!"

கடையே சிரித்தது. நான் டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அப்படிப்பட்ட பேச்சுகளுக்கு என் வாய் தேவையில்லை. அவை தாமாகவே வந்து சேரும். அவள் கூடத்துத் தரையிலிருந்த படத்தை ஈரத்துணியால் துடைத்தாள். எஞ்சினைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பழையபடி நடந்து வேலைக்குப் போனாள்.

மழைக்காலம் வந்து போனது. ஒரு நாள் இரும்புக் கடைக்கார அம்மாவிடமிருந்து ஆள் வந்தது. "நல்ல குழாய் ஒரு லாரி வந்திருக்கு, வேணும்னா வந்து பாக்கச் சொன்னாங்க." அவள் போக மாட்டேன் என்றாள். நான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

இடித்துவிட்ட ஏதோ ஒரு பெரிய கட்டடத்தின் மாடிப்படிக் கைப்பிடிகள். கனமான குழாய்கள். பெயின்ட் உரிந்து, சிமென்ட் கட்டிகள் ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்துகிடந்தன. புல்டோசர் இழுத்துப் போட்டதில் குழாய்கள் அங்கங்கே வளைந்திருந்தன. அவள் சும்மா பார்த்துக்கொண்டே போனவள், படி திரும்புகிற இடத்து மூட்டு ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள். குனிந்து, புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்தாள். அடுத்த மூட்டையும் துடைத்தாள். அதற்கடுத்ததையும்.

"ஏங்க, இது நான் போட்டது" என்றாள்.

"எது?"

"இந்த வெல்டு. நான் பட்டறையில சேந்த புதுசுல போட்டது. அந்த மாடிப்படி மொத்தமும் நான்தான் ஒட்டினேன். முதலாளி நம்பாம ஒவ்வொண்ணா சுத்தியால தட்டிப் பாத்தாரு."

நான் குனிந்து பார்த்தேன். நான் போட்ட தையலை ஊரில் எவன் இடுப்பில் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். அவளுக்கும் அப்படித்தான் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. சின்னச் சின்ன மீன் செதில்களை வரிசையாக அடுக்கினது போல் இருந்தது அந்த ஒட்டு. கட்டடம் இடிந்து, மாடிகள் மேலே விழுந்து, இரும்பே வளைந்திருந்தது. மூட்டு ஒன்றுகூட வாய் பிளக்கவில்லை.

கடைக்கார அம்மா சீட்டிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். "உன் கையாடி இது?" என்று கேட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். வளையாத குழாய்களாகப் பார்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டாள். கனத்தில் தள்ளாடினாள். நான் வாங்கப் போனால் கொடுக்கவில்லை.

அன்றைக்கே தரையில் மறுபடியும் படம் விழுந்தது.

இந்த முறை எதற்கும் அவசரப்படவில்லை. திருப்பத்து மூட்டுகளில் நன்றாக இருந்த இரண்டை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றைச் சுற்றி மற்ற குழாய்களை வெட்டினாள். பின்சக்கரத்தில் பல்சக்கரத்தைப் புள்ளி புள்ளியாக ஒட்டி, சுழலவிட்டு, ஒரு பென்சிலைப் பக்கத்தில் பிடித்து, எங்கே உரசுகிறது என்று பார்த்து, தட்டித் தட்டி நேராக்கின பிறகுதான் முழுசாக ஒட்டினாள். ஹெல்மெட்டில் ஆகச் சின்னதும் அவள் தலையில் ஆடியது. உள்ளே நான் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். சீட்டும் என் வேலை. தடிமனான ரெக்சின், இரட்டைத் தையல், மூலையில் ஒரு சுருக்கம் கிடையாது. பேன்ட்டில் காட்டாத திறமையை எல்லாம் அதில் காட்டினேன்.

வண்டி அவள் இடுப்பு உயரம்தான் இருந்தது. ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் முழுசாக, குதிகால் உட்பட, தரையில் பதிந்தன. காலைத் தூக்கித் தூக்கி மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தாள். புதுச் செருப்பு வாங்கின குழந்தை கடைக்குள்ளேயே நடந்து பார்க்குமே, அப்படி.

ஆனால் குவாரியில் மேடு ஏறும்போதெல்லாம் எஞ்சின் இருமி நின்றது. சமதரையில் சிங்கம், ஏற்றத்தில் பூனை. அவளும் எதையெல்லாமோ கழற்றிப் பார்த்தாள், மாட்டிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நாள் எழுந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு, நேரே மெக்கானிக்குகள் தெருவுக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன். தெருவில் வேலை நின்றுவிட்டது. ஆளாளுக்கு ஸ்பானரும் கையுமாக வாசலில் வந்து நின்றார்கள். அவள் தன் அண்ணன் கடை முன்னால் வண்டியை நிறுத்தினாள்.

"அண்ணே, எஞ்சின் எனக்குத் தெரியாது. வெல்டிங் உனக்குத் தெரியாது. வந்து பாரு."

மச்சான் வாயைத் திறந்தார். ஏதோ ஒரு கிண்டல் நாக்கு நுனி வரை வந்ததை நான் பார்த்தேன். அதற்குள் அவர் கண் வண்டியின் மேல் விழுந்துவிட்டது. பக்கத்தில் வந்து குந்தினார். எஞ்சினைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் மூட்டுகளைத் தடவிக்கொண்டே முன்னாலிருந்து பின்னால் வரை போனார். வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக் கீழே போட்டார். மறுபடி தூக்கி, இன்னும் பலமாகப் போட்டார். ஒரு கிரீச் சத்தம் இல்லை.

"யாரு ஒட்டினது?" என்றார்.

"வேற யாரு?"

அவர் எஞ்சின் பக்கம் திரும்பினார். கார்புரேட்டரைக் கழற்றினார். பழைய பெட்ரோல் பிசினாக ஒட்டியிருந்ததைச் சுத்தம் செய்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "இங்க வா, கிட்ட உக்காரு" என்றார். அவள் உட்கார்ந்தாள். "இது மெதவ. மேடு ஏறும்போது வண்டி சாயுதுல்ல, அப்ப இது பெட்ரோல் வர்ற வழிய சீக்கிரமே அடச்சிடுது. கொஞ்சம் தூக்கி வைக்கணும். நான் ஒரு பக்கம் பண்றேன், நீ பிடி." அவள் பிடித்தாள். நட்டுகளை எல்லாம் அவர் அவளுடைய உள்ளங்கையில்தான் போட்டார்.

சரி, உறவு கூடிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் டீக்கடையில் மச்சான் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "நாங்க பண்ண வண்டி இருக்கே... நம்ம கையி அப்படி... நம்ம கடையிலருந்து இப்படி ஒரு வண்டி வெளிய போனதே இல்ல." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து குதித்தேன்.

"உங்க அண்ணன் ஒரு ஸ்க்ரூவத் திருகிட்டு, வண்டியவே பெத்துப் போட்ட மாதிரி பேசுறாரு!"

"பேசட்டும் விடுங்க. பேசினா வண்டி தேஞ்சா போயிடும்?" என்று வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு நிஜமாகவே அது உறைக்கவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

குவாரியின் வடக்குப் பக்கம் ஒரு சரிவு உண்டு. கழுதைமுதுகு என்பார்கள். அதுதான் பட்டறைப் பக்கம் ஏறுகிற இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் இளவட்டங்கள் உயரமான வண்டிகளைக் கொண்டுவந்து அதில் ஏறிப் பார்ப்பார்கள். பாதி வரைக்கும் உறுமிக்கொண்டு போய், சரளையில் சறுக்கி, வண்டியும் ஆளும் தனித்தனியாக இறங்குவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தன் வண்டியோடு போனாள். யாரும் கூப்பிடவில்லை, தினமும் ஏறப் போகிற மேட்டை ஒரு தரம் ஏறிப் பார்த்துவிடலாம் என்றுதான் போனாள். ஆனால் மச்சானின் வாய்தான் ஊருக்கே தண்டோரா போட்டிருந்ததே, மெக்கானிக்குகள் தெரு மொத்தமும் அங்கே நின்றது.

வண்டியைப் பார்த்ததும் சில பேர் சிரித்தார்கள். உயரமான வண்டிக்காரன் ஒருவன், "அக்கா, வழியில எலி வந்தா ஹாரன் அடிங்க" என்றான். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கயிற்றை இழுத்தாள்.

முதலில் மெதுவாகத்தான் போனாள். சரளை ஆரம்பிக்கிற இடத்தில் வண்டி இடதுபக்கம் இழுத்தது. மற்றவர்கள் விழுகிற இடம் அதுதான். கால் எட்டாமல், வண்டி சாய்ந்தால் சாய்ந்ததுதான் என்று ஆகிவிடும். அவள் இடதுகாலைத் தரையில் ஊன்றினாள். முழுப் பாதம். ஓர் உந்து. வண்டி நிமிர்ந்தது. வலதுபக்கம் இழுத்தது, வலதுகால். பல்லி சுவரில் போவது போல, வயிறு தரையில் படப்பட, அந்தக் குட்டி வண்டி மேலே மேலே போனது. கடைசிச் செங்குத்தில் எஞ்சின் குரல் தாழ்ந்தது. மச்சான் என் தோளை இறுக்கிப் பிடித்து, "இரும்மா... இரும்மா... விட்டுடாத..." என்று முணுமுணுத்தார். அவள் முன்னால் குனிந்து, மார்பை டாங்கின் மேல் படுக்கவைத்தாள். பின்சக்கரம் ஒரு கல்லைக் கவ்வியது. அடுத்த நொடி அவள் உச்சியில் வானத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அத்தனை தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் உயரம் தெரிவதில்லை.

கீழே ஒரே கூச்சல். விசில். அவள் வேறு வழியாக இறங்கி வந்து சேர்வதற்குள் கூட்டம் மச்சானைச் சூழ்ந்துகொண்டது. "டாக்டரே, அசத்திட்டீங்க! என்ன வண்டிங்க!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இன்றைக்குச் சபையில் கேட்டுவிடுவது என்று வாயைத் திறக்கப் போனேன்.

மச்சான் கையை உதறிக்கொண்டார்.

"என்கிட்ட ஏன்யா சொல்றீங்க? நான் கார்புரேட்டரத் தொடச்சேன், அவ்வளவுதான். வண்டி எங்க அரைப்படி பண்ணது. குழாய் வெட்டினது அவ, ஒட்டினது அவ, ஏறினதும் அவ." பிறகு மெக்கானிக்குகள் பக்கம் திரும்பினார். "இந்தத் தெருவுல எவனாவது இப்படி ஒரு மூட்டு போடுங்கடா, நான் கடையச் சாத்திட்டுப் போறேன்."

அவள் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் புழுதி, கண் இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. அண்ணன் சொன்னதைக் கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் வண்டியைக் காட்டி, "செயின் கொஞ்சம் தளர்ந்திருக்கு அண்ணே" என்றாள். அவர், "பாக்கலாம் வா" என்றார். இருவரும் குந்திக்கொண்டார்கள்.

எலி ஜோக் அடித்தவன் ஒரு தரம் ஓட்டிப் பார்க்கக் கேட்டான். அவள் கொடுத்தாள். அவனுடைய முழங்கால்கள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. ஹேண்டிலைத் திருப்பினால் தொடையில் இடித்தது. நாலடி போவதற்குள் இறங்கிவிட்டான். "இது எனக்கு சரிப்படாதுக்கா" என்றான். "ஆமாப்பா, இது உன் அளவு இல்ல" என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலையில் வண்டியில் வேலைக்குப் போனாள். பட்டறையில் எல்லோரும் பின்வாசலுக்கு வந்துவிட்டார்களாம். முதலாளி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, மூட்டுகளைச் சுத்தியால் தட்டிப் பார்க்கக் குனிந்தவர், சுத்தியைக் கீழே வைத்துவிட்டாராம். மழையில் நனையக் கூடாது என்று தன் காருக்குப் பக்கத்தில் கூரைக்கடியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாராம். இதை எல்லாம் அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். துருவித் துருவிக் கேட்டு வாங்கியது நான்.

போன வாரம் வீடு வீடாக நடந்தே போய் ஊசி போடுகிற ஒரு நர்சம்மா எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அவர் தலை என் தோள்வரைகூட வரவில்லை. வாசலில் நின்றிருந்த வண்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "இதப் பண்ணவரு நீங்களா?" என்று கேட்டார்.

"சீட்டு மட்டும் நான்" என்றேன். "மத்ததெல்லாம் பண்ணவங்க உள்ள இருக்காங்க. வாங்க, உக்காருங்க."